அந்த மெதுவான ரெண்டு சுத்துதான் பந்தயமே

டிராக் சைக்கிளிங் ஸ்பிரிண்ட் வீடியோ எது வந்தாலும் கடைசிப் பத்து செகண்ட மட்டும் வெட்டிப் போடுறாய்ங்க, மேல ஒரு பாட்டு, கீழ "என்னா வேகம்டா"ன்னு ஒரு வரி, அவ்வளவுதான் முடிஞ்சுபோச்சு. எனக்கு இது ரொம்ப நாளா மனசுல கிடக்கிற ஆதங்கம். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க. அந்தப் பத்து செகண்டுக்கு முன்னாடி ரெண்டு பேரும் நடந்து போற வேகத்துல உருட்டிக்கிட்டு, ஒருத்தன ஒருத்தன் மொறைச்சுக்கிட்டு, மேட்டுல ஏறி இறங்கி, சில நேரம் அப்படியே அசையாம நிக்கிறாய்ங்களே, அதத்தான் நீங்க வெட்டி எறியிறீங்க. பந்தயமே அங்கதான் நடக்குது.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். வெலோட்ரோம்னா பலகை போட்ட சுத்துப்பாதை, ஒரு சுத்து 250 மீட்டர். வளைவுல தரை 42, 45 டிகிரி வரைக்கும் சாஞ்சு நிக்கும், அங்க ரொம்ப மெதுவாப் போனா டயர் வழுக்கி ஆளு கீழ வந்துருவான். சைக்கிள்ல பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும், பெடலப் பின்னால அமுக்கினா சைக்கிளும் பின்னால வரும். முதல்ல ஒவ்வொருத்தரும் தனியா வேகம் எடுத்து வந்து கடைசி 200 மீட்டர் ஓட்டுவாங்க, அந்த நேரத்த வச்சுத்தான் யாரு யாரோட மோதுறதுன்னு முடிவாகும். அதுக்கப்புறம் கடிகாரத்துக்கு வேலையே இல்ல. ரெண்டே பேரு, மூணு சுத்து, யாரோட டயர் முதல்ல கோட்டத் தொடுதோ அவன் ஜெயிச்சான், காலிறுதியில இருந்து மூணுல ரெண்டு ஜெயிச்சாத்தான் அடுத்த ரவுண்டு.

ஏன் மெதுவாப் போறாங்கன்னு கேட்டா காரணம் காத்துதான். மணிக்கு எழுபது எழுபத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல முன்னால போறவன் காத்த நெஞ்சால உடைச்சுக்கிட்டுப் போகணும், பின்னால ஒட்டி வர்றவனுக்கு அந்தப் பாரம் பெருமளவு கொறைஞ்சுரும், கடைசி வளைவுல மிச்சம் வச்ச பலத்த எடுத்து வெளியில ஏறி முந்திருவான். அதனால முன்னால போக ரெண்டு பேருக்குமே இஷ்டம் இல்ல. சீட்டுப் போட்டு யாரு உள்பக்கம்னு முடிவு பண்றாங்க, உள்பக்கம் நிக்கிறவன் முதல்ல முன்னால போயாகணும். போறவன் கழுத்தத் திருப்பித் திருப்பிப் பின்னால பாத்துக்கிட்டே போவான், பின்னால வர்றவன் அவன் பார்வை எந்தத் தோளுக்குப் போகுதுன்னு பாப்பான், அவன் இந்தப் பக்கம் திரும்புற நொடியில அந்தப் பக்கம் மேட்டுல ஏறுவான். அந்த மேடுதான் முக்கியம். உச்சியில நிக்கிறவனுக்கு இறக்கமே இலவசமா வேகம் குடுக்கும், அதனால ஒருத்தன் மேல ஏறினா இன்னொருத்தனும் ஏறிப் போயி அவன அங்கயே அடைச்சு வைப்பான், இப்படி ஒரு அடி உயரத்துக்கு ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டிருக்கும்போது பாக்குறவன் "என்னடா இது உருட்டிக்கிட்டு இருக்காய்ங்க"ன்னு ஃபோன்ல வீடியோவத் தள்ளி விடுறான்.

அதுக்கப்புறம் அந்தச் சிவப்புக் கோடு. உள் விளிம்புல இருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி ஓடும். வேகம் எடுத்த பிறகு முன்னால போறவன் அந்தக் கோட்டுக்கு உள்ள இருந்தான்னா அவன் இடம் அது, பின்னால வர்றவன் உள்பக்கமா நுழையக் கூடாது, இவனும் வெளிய வந்து அவன மறிக்கக் கூடாது. அப்ப அந்தச் சின்ன இடத்த யாரு எப்பப் பிடிக்கிறதுங்கிறதுதான் மொத்தக் கணக்கும். கொஞ்சம் முன்னாடியே பிடிச்சா கால் எரிஞ்சு கடைசி அம்பது மீட்டர்ல செத்துருவான், லேட்டாப் பிடிக்கப் போனா வெளியில நீளமான பாதையில சுத்தி வரணும்.

இதுக்குப் பாரிஸ விட நல்ல சாட்சி கிடையாது. 2024 ஒலிம்பிக் தகுதிச் சுத்துல ஆஸ்திரேலியாவோட மேத்யூ ரிச்சர்ட்சன் 9.091 செகண்ட்ல ஓட்டி உலக சாதனை பண்ணாரு, அதுக்கு முன்னாடி சாதனை டிரினிடாட்டோட நிக்கோலஸ் பால் 2019ல வச்ச 9.100. ரிச்சர்ட்சன் மூச்சு வாங்கி முடிக்கல, நெதர்லாந்தோட ஹாரி லவ்ரைசன் வந்து 9.088. மூணு மில்லி செகண்டு! அந்த வேகத்துல அது ஏழு சென்டிமீட்டர் கூட வராது. அதாவது ரெண்டு பேரோட காலும் சமம்னு கடிகாரமே சொல்லிருச்சு. அப்புறம் ஃபைனல்ல அதே ரெண்டு பேரு, லவ்ரைசன் 2-0ன்னு முடிச்சுட்டாரு. மூணு மில்லி செகண்டு வித்தியாசம் எப்படி 2-0 ஆச்சு? எப்பக் கிளம்பணும், எவன எங்க நிறுத்தணும்ங்கிற அறிவுலதான் ஆச்சுன்னு நான் அடிச்சுச் சொல்வேன். ரிச்சர்ட்சன் அதுக்கப்புறம் பிரிட்டனுக்கு மாறி 2025 ஆகஸ்ட்ல துருக்கியில கொன்யா வெலோட்ரோம்ல 8.857 ஓட்டினாரு, 9 செகண்டுக்குக் கீழ போன முதல் மனுஷன் அவருதான், மணிக்கு 81 கிலோமீட்டருக்கு மேல. பிரமாதமான சாதனை, நான் கை தட்டினேன். ஆனா அது தனியா ஓட்டினது. ஸ்பிரிண்ட்ல டோக்கியோ தங்கமும் பாரிஸ் தங்கமும் லவ்ரைசன் வீட்டுலதான் இருக்கு.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல்னு நம்ம பக்கம் பொங்கல் விளையாட்டுப் போட்டி நடக்குற ஊர்ல எல்லாம் மெதுவா சைக்கிள் ஓட்டுற போட்டி ஒண்ணு கட்டாயம் இருக்கும். ஊரணிக்கரைப் பொட்டல்ல சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போட்டிருப்பாங்க, கால ஊனினா அவுட்டு, கோட்டத் தாண்டினா அவுட்டு, கடைசியா வர்றவனுக்கு எவர்சில்வர் குடம். எங்க ஊர்ல பால் ஊத்துற அண்ணன் ஒருத்தர் இதுல கெட்டிக்காரரு. கேன் மாட்டுற அதே பழைய சைக்கிள்தான். முன்சக்கரத்த லேசா எடது பக்கம் ஒடிச்சு வச்சுக்குவாரு, ரெண்டு பெடலும் தரைக்குச் சமமா நிக்கும், பின்பிரேக்க ஒரே விரல்ல தொட்டுத் தொட்டு விடுவாரு, சீட்ட விட்டு இடுப்பு ஒரு நூல் மேல தூக்கி இருக்கும். அவரு கண்ணு தன் சக்கரத்தப் பாக்கவே பாக்காது, பக்கத்துக் கோட்டுல வர்றவனோட முழங்கையத்தான் பாக்கும். அந்த முழங்கை நடுங்க ஆரம்பிச்சதும் இவரு மூஞ்சி அப்படியே தெளிஞ்சுரும்.

வெலோட்ரோம்ல நிக்கிறதும் இதே வேலைதான், என்ன, அங்க ஃப்ரீவீல் இல்லாததால முன்சக்கரத்த மேட்டுப் பக்கம் திருப்பி வச்சு பெடல முன்னும் பின்னும் அமுக்கியே நிப்பாங்க. நம்ம ஊரு ஆட்டமும் உலக சாம்பியன்ஷிப்பும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல, அங்க நின்ன காலே அடுத்த பத்து செகண்ட்ல 75 கிலோமீட்டர் வேகத்துல சுத்தணும், அதுக்கு வருஷக்கணக்குல பாரம் தூக்கணும். நான் சொல்ல வர்றது பாக்குறவங்களப் பத்தி. பொட்டல்ல சுத்தி நிக்கிற ஆத்தாமாரு, ஐயாமாரு எல்லாருக்கும் மெதுவா நடக்குற ஆட்டத்தப் பாக்கத் தெரியும். எவன் கால ஊனப் போறான்னு அவன் ஊனுறதுக்கு முன்னாடியே "போச்சு போச்சு"ன்னு கத்துவாங்க. இந்தக் கண்ணு நமக்கு இருக்கும்போது நாம ஏன் வெட்டிப் போட்ட பத்து செகண்டப் பாக்கணும்?

அண்ணன் மகன் ஒருத்தன், பிளஸ் ஒன் படிக்கிறான், பாரிஸ் ஸ்பிரிண்ட் வீடியோவ என் கூட உக்காந்து பாத்தான். "சித்தப்பா, இவய்ங்க ஏன் ஓட்டாம நிக்கிறாய்ங்க, சைக்கிள் எதும் மக்கர் பண்ணுதா"ன்னான். "நம்ம பொங்கல் போட்டியில பால்கார அண்ணன் என்னடா பண்ணுவாரு, அத நெனச்சுக்கிட்டுப் பாரு"ன்னேன். அடுத்த ரேஸ்ல என்னைய முந்திக்கிட்டு "சித்தப்பா அவன் கீழ பாத்துட்டான், இந்தா இப்பப் போவான் பாருங்க"ன்னு எந்திரிச்சு நிக்கிறான். போகவும் செஞ்சான். ஒரே ராத்திரியில பய ஆட்டத்தப் புரிஞ்சுக்கிட்டான்.

நிக்கிறதுக்கும் இப்ப கட்டுப்பாடு இருக்கு. ஒரு ரேஸ்ல ரெண்டு தடவைதான் நிக்கலாம், ஒரு தடவைக்கு 30 செகண்டு, அதுக்கு மேல முன்னால இருக்கிறவன் கிளம்பித்தான் ஆகணும். 1964 டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில இத்தாலியோட பெட்டனெல்லாவும் பிரான்ஸோட டிரென்டினும் கிட்டத்தட்ட 22 நிமிஷம் அப்படியே நின்னுருக்காங்க. கடைசியில அந்த வருஷத் தங்கம் பெட்டனெல்லாவுக்குத்தான். 22 நிமிஷம் வேணும்னு நானும் கேக்க மாட்டேன், ஆட்டம் நடந்தாகணும்ல. ஆனா 30 செகண்டுங்கிறது ரொம்பக் கம்மி, ஒரு நிமிஷமாவது விடலாம்ங்கிறது என் கருத்து. இப்ப எல்லாரும் ஒரு மிதிக்கு ரொம்ப தூரம் போற பெரிய பெரிய கியர் போடுறதால சட்டுனு எகிறிக் கிளம்ப முடியாது, முன்கூட்டியே வேகம் எடுக்க வேண்டியிருக்கு, அதுலயே நிக்கிறது கொறைஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கிறதையும் ரூல் போட்டு நெருக்கக் கூடாது.

சரி, எனக்கு உண்மையிலேயே வயிறு எரியிற விஷயம் இது. 2022 ஜூன்ல டெல்லி இந்திரா காந்தி ஸ்டேடியம் வெலோட்ரோம்ல ஆசிய சாம்பியன்ஷிப் நடந்துச்சு. நம்ம நாட்டுல, நம்ம தலைநகர்ல. அதுல ஆண்கள் ஸ்பிரிண்ட்ல மணிப்பூர்ப் பையன் ரொனால்டோ சிங் லைடோஞ்சாம் ஃபைனல் வரைக்கும் போயி வெள்ளி வாங்கினான். சீனியர் ஸ்பிரிண்ட்ல ஆசிய சாம்பியன்ஷிப் வெள்ளி வாங்கின முதல் இந்தியன், வயசு இருபதுதான். தங்கம் ஜப்பானோட கென்டோ யமசாகிக்கு, வெண்கலம் கஜகஸ்தான்காரருக்கு. அதே போட்டியில 1 கிலோமீட்டர் டைம் ட்ரையல்லயும் டீம் ஸ்பிரிண்ட்லயும் வேற வெண்கலம். ஜப்பான்னா யாரு? 1948ல இருந்து கெய்ரின்னு, ஜெயிக்கிறவன் மேல பணம் வச்சுப் பாக்குற சைக்கிள் பந்தயத்த ஒரு தொழிலாவே நடத்துற நாடு, அங்க இருந்து வந்த கோய்ச்சி நகானோ 1977ல இருந்து 1986 வரைக்கும் வரிசையா பத்து வருஷம் தொழில்முறை ஸ்பிரிண்ட் உலக சாம்பியன். அந்த நாட்டு ஆளோட ஃபைனல்ல மோதுற இடத்துக்கு நம்ம பையன் வந்தான், நம்மள்ல எத்தன பேரு அன்னைக்கு ஒரு ஸ்டேட்டஸ் வச்சோம்? மாட்டு வண்டிப் பந்தயத்துல பூஞ்சிட்டு ஜோடி எது முதல்ல வந்துச்சுன்னு நமக்குத் தலைகீழாத் தெரியும், தெரியட்டும், நானும் ரோட்டோரம் நின்னு கத்துறவன்தான். ரொனால்டோ பேரும் அதே மாதிரித் தெரியணும்.

இன்னொண்ணு. இந்தியாவுல ஸ்பிரிண்ட் பக்கம் பேர் வாங்கினவங்க எங்க இருந்து வந்தாங்கன்னு பாருங்க. எசோ ஆல்பன் அந்தமான் நிக்கோபார்ப் பையன், 2018ல சுவிட்சர்லாந்து ஏகிள்ல ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்ல கெய்ரின் வெள்ளி, அதாவது அதே ஜப்பான் பந்தயம், பல பேரு ஒண்ணா ஓட்டுறது. அடுத்த வருஷம் ஜெர்மனியில எசோ, ரொனால்டோ, ரோஜித் சிங் மூணு பேரும் சேந்து ஜூனியர் டீம் ஸ்பிரிண்ட் உலகத் தங்கமே வாங்கினாய்ங்க. டெபோரா ஹெரால்ட் கார் நிக்கோபார்ப் பொண்ணு, 2004 சுனாமியில தப்பிச்ச புள்ள. பெரிய பணக்கார நகரத்துல இருந்து வந்தவங்க இல்ல யாரும். யாரோ ஒருத்தர் சின்ன வயசுலயே பாத்து, "இந்தப் புள்ள காலு வேற மாதிரி இருக்கு"ன்னு கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க.

நம்ம பக்கம் அப்படிப் பாக்குறதுக்கு ஆள் இல்ல. பிளஸ் ஒன்ல கவர்மெண்டு சைக்கிள் குடுக்குது, புள்ளைங்க ரெண்டு வருஷம் கண்டனூர்ல இருந்தும் கோட்டையூர்ல இருந்தும் வெயில்ல மிதிச்சுப் பள்ளிக்கூடம் போகுதுக, பிளஸ் டூ முடிஞ்சதும் அந்த சைக்கிள் திண்ணையோரம் சாஞ்சு நிக்கும், காத்து இறங்கிரும். சிமெண்டுப் பாதையாவது போட்ட வெலோட்ரோம் பாக்கணும்னா சென்னைக்கிட்ட மேலக்கோட்டையூருக்குத்தான் போகணும், இங்க இருந்து ஒரு ராத்திரிப் பயணம். செட்டிநாட்டுல நாளைக்கே பலகை வெலோட்ரோம் கட்டுங்கன்னு கேக்கல, அது கோடிக்கணக்குல ஆகுற காரியம். ஆனா விளையாட்டுப் பல்கலைக்கழகமே மேலக்கோட்டையூர்லதான் இருக்கு. அங்க இருக்கிற பயிற்சியாளருங்க வருஷத்துக்கு ஒரு தடவ இந்தப் பக்கம் வந்து புள்ளைங்கள ஓட்டச் சொல்லிப் பாத்தாலே போதும்.

பொங்கலுக்குப் போட்டி நடத்துற தம்பிமாரு யாராவது இதப் படிச்சா உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மெதுவா ஓட்டுற போட்டிய வழக்கம் போல நடத்துங்க. அது முடிஞ்சதும் அதுல கடைசி வரைக்கும் நின்ன நாலு பேர எடுத்து, ரெண்டு ரெண்டு பேரா, வண்டி வராத நேரான ரோட்டுல ஒரு அறநூறு மீட்டர் விட்டுப் பாருங்க. முதல் நானூறு எப்படி வேணா போகட்டும், கடைசி இருநூறுக்கு ஒரு கோடு போடுங்க, மூணுக்கு ரெண்டு ஜெயிக்கணும். பிரேக் நல்லா இருக்கான்னு முதல்லயே சோதிச்சுப்புடுங்க, ஹெல்மெட் இல்லாம ஒருத்தனையும் ஏத்தாதீங்க, ரோட்டு ரெண்டு முனையிலயும் ஆள் நிப்பாட்டுங்க, பொம்பளப் புள்ளைங்களுக்கும் தனியா வையுங்க. வீடியோ எடுத்தா முழுசா எடுத்துப் போடுங்க, முதல் நானூற வெட்டாம. எவர்சில்வர் குடம் ரெண்டு என் செலவு, இன்பாக்ஸ்ல ஊர் பேரு மட்டும் போடுங்க.