சாயந்தரமே மீனை விடலாம்னு சொன்னாரே, அவருக்கு

"தண்ணி ரொப்பி, உப்பைக் கலக்கி, சாயந்தரமே மீனை விட்டுடலாம்க்கா. ஒண்ணும் ஆவாது."

இதை என்னிடம் சொன்ன சேலத்து மீன் கடைக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. இரண்டு மாதமாக நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கியது போதும், இன்று கொட்டிவிடுகிறேன்.

ஆறு வருடமாக கப்பி, மோலி, ஃபைட்டர் என்று நன்னீர் மீன் வளர்த்தவள் நான். உப்பு நீரில் கடல் மீன் வளர்க்கிற கடல் தொட்டி ஒன்று வைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். கொஞ்சம் கல், கொஞ்சம் மணல், ஒரு ஜோடி க்ளவுன் மீன், பிறகு பொறுமையாக ஒன்றிரண்டு உயிருள்ள பவளம். எங்கள் தருமபுரியில் கலர் மீன் கடைகள் உண்டு, கடல் மீன் கிடையாது. அதனால் சேலம் போனேன். கடையில் கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டேன். எத்தனை நாள் தொட்டியை மீன் விடாமல் ஓட்ட வேண்டும் என்று என் வாயாலேயே கேட்டேன். அதற்குத்தான் மேலே இருக்கும் பதில். அதை நம்பி ஒரு ஜோடி க்ளவுன் வாங்கி, அந்தத் தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தொப்பூர் கணவாய் வளைவுகளில் பஸ் ஆடும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

ஐந்தாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கம் கலைந்து வந்து பார்க்கிறேன். பெரிய மீன் தொட்டியின் மூலையில், நீர் மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு திறந்து திறந்து மூடுகிறது. செவுள் இரண்டும் விசிறி மாதிரி அடித்துக்கொள்கின்றன. சின்னது ஃபில்டருக்குக் கீழே மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. இரண்டு நாளாகவே அதுகள் சரியில்லை என்று டெஸ்ட் கிட் ஆர்டர் போட்டிருந்தேன். அது வந்து சேர்ந்தது அன்று மத்தியானம். கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, ஐந்து நிமிடம் காத்திருந்தேன். அம்மோனியா இல்லை என்றால் மஞ்சளாகவே இருக்க வேண்டும். என் குழாய் கரும்பச்சையாக நின்றது. அதற்குள் சின்னது செத்துவிட்டது. பெரியது மறுநாள் காலை போனது.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். எண் கையில் வராமல் நாங்கள் யாரிடமும் "ஒண்ணும் ஆவாது" என்று சொல்லமாட்டோம். சொன்னால் அடுத்த நாள் வேலை இருக்காது. உயிரை விற்கிற ஒருத்தருக்கு மட்டும் எப்படி இந்த வார்த்தை இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது?

விஷயம் ஒன்றும் ராக்கெட் ரகசியம் இல்லை. மீன் செவுள் வழியாக அம்மோனியாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மிச்சம் விழுந்த தீனியும் அழுகி அம்மோனியா ஆகும். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு பாக்டீரியாக் கூட்டம் வேண்டும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு கூட்டம் வேண்டும். இவை கல்லிலும் மணலிலும் ஒட்டி வளர்ந்து பெருக, புதுத் தொட்டிக்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை மீன் இல்லாமல் கொஞ்சம் அம்மோனியாவோ ஒரு சிட்டிகை மீன் தீனியோ போட்டு, அளந்து அளந்து பார்த்துக்கொண்டு, சும்மா இருக்க வேண்டும். கடல் தொட்டியில் இது நன்னீரை விடக் கறாராக இருக்க இன்னொரு காரணம் உண்டு. கடல் நீரின் பி.ஹெச்., அதாவது காரத்தன்மையின் அளவு, 8-க்கு மேலே. பி.ஹெச். ஏற ஏற, அதே அளவு அம்மோனியாவில் விஷமான பங்கு கூடிக்கொண்டே போகும். கப்பி தாங்குகிற ஒரு தண்ணீரை க்ளவுன் தாங்காது.

"ஒரு மாசம் கழிச்சு வாங்கக்கா, அப்ப மீன் தரேன்." இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் திரும்ப வந்திருப்பேன். அந்த மீனையும் வாங்கியிருப்பேன், கூட இன்னும் நாலு சாமானும் வாங்கியிருப்பேன். பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீன் அது. குஞ்சாக இருக்கும்போது எல்லாமே ஆண்தான், ஜோடி சேரும்போது பெரியது பெண்ணாக மாறும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் விஞ்ஞானிகள் பாடுபட்டு, தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கும் முறையைக் கொண்டுவந்தது இந்த மீனுக்குத்தான். அவ்வளவு உழைப்பையும் ஒரு பாலிதீன் கவரில் கட்டி ஐந்து நாளில் சாகடிக்கிறீர்களே!

போன் போட்டுச் சொன்னேன். "நீங்க தீனி அதிகமா போட்டிருப்பீங்க. வீட்ல சாரைப் பேசச் சொல்லுங்க" என்றார். தொட்டி என்னுடையது. காசு என்னுடையது. அம்மோனியா அளந்தவள் நான். அதற்கும் எங்க வீட்டுக்காரருக்கும் என்ன சம்பந்தம்? அவருக்குத் தொட்டியில் எது ஃபில்டர், எது பம்ப் என்றே தெரியாது.

இது ஒருத்தர் கதை. உள்ளூரில் எனக்குக் கிடைத்த யோசனைகளையும் கேளுங்கள். "கடலும் உப்புதானே, மளிகைக் கடையில கல்லுப்பு ரெண்டு கிலோ வாங்கிப் போடுங்க" என்றார் ஒரு கலர் மீன் கடைக்காரர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பிச் சொன்னார். அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் நாம் சாப்பிடுகிற உப்பின் பங்கு 85 சதவீதம் போல. மீதியில்தான் மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் எல்லாம். பவளம் எலும்பு கட்டுவதே அந்தக் கால்சியத்தை வைத்துத்தான். உப்பளத்தில் என்ன நடக்கிறது என்று தூத்துக்குடிக்காரரையோ வேதாரண்யத்துக்காரரையோ கேட்டால் சொல்லுவார்கள். பாத்தியில் நீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் படியும், அதற்கு அடுத்த பாத்தியில்தான் உப்பு விளையும், மக்னீசியம் நிறைந்த கசப்புத் தண்ணீரை வடித்து வெளியே விட்டுவிடுவார்கள். ஆக நம் வீட்டுக் கல்லுப்பு என்பது, கடலிலிருந்து பவளத்துக்கு வேண்டியதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு மிஞ்சியது. அதைத் திரும்பத் தண்ணீரில் போட்டால் கடல் எப்படி வரும்?

கடல் தொட்டிக்கென்றே கலந்து விற்கிற உப்பு விலை அதிகம்தான். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் வேறு வழி இல்லை, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அடுத்து தண்ணீர். இதில்தான் எனக்கு ஊர்க்காரர்கள் மேல் கோபம், ஏனென்றால் தருமபுரிக்காரர்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தெளிவாக, சில்லென்று இருக்கும் போர் தண்ணீரைக் குடித்துத்தானே நம் கிராமங்களில் தலைமுறையாகப் பல் பழுப்பேறிப்போனது? ஃப்ளூரைடு கண்ணுக்குத் தெரிந்ததா? அதற்காகத்தானே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் தண்ணீர் திறந்தார்கள்? தண்ணீரைக் கண்ணால் பார்த்து நம்பக்கூடாது என்று பல்லில் எழுதிவைத்திருக்கிற ஊரில், "போர் தண்ணிதான் சத்து, அதையே ஊத்துங்க" என்கிறார்கள்!

எங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் 1,300-ஐத் தாண்டுகிறது. அதில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று மீட்டர் சொல்லாது, எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். நைட்ரேட்டோ சிலிக்கேட்டோ இருந்தால் தொட்டி முழுக்கப் பாசி ஏறும். செம்பு கொஞ்சம் கலந்தாலும் நத்தை, இறால், பவளம் எதுவும் மிஞ்சாது. குழாய்த் தண்ணீரில் குளோரின். ஆர்.ஓ. மெஷின் இருக்கிறதே என்று நினைத்தேன். அதிலும் ஒரு சூது. வீட்டு ஆர்.ஓ. மெஷின்கள் பலவற்றில் ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும் திருகு ஒன்று உள்ளே இருக்கிறது. சர்வீஸ் தம்பியை வரவழைத்து, கழற்றிக் காட்டச் சொல்லி, அதை மூடவைத்து, அதற்குப் பின்னால் கரைந்த மிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று தனியாக மாட்டிய பிறகுதான் மீட்டரில் பூஜ்யம் வந்தது. அந்த பூஜ்யத்தைப் பார்த்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதிலும் ஒரு வேதனை. ஒரு லிட்டர் சுத்த நீர் கிடைக்க இரண்டு மூன்று லிட்டர் கழிவாக வெளியே போகிறது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவர் என் மாமியார். "மீனுக்காவா இம்புட்டுத் தண்ணிய ஓட வுடற?" என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை. இப்போது கழிவு நீர் முழுக்க டிரம்மில் பிடித்து, பாத்திரம் கழுவவும் வீடு துடைக்கவும் போகிறது. ஒரு சொட்டு சாக்கடைக்குப் போவதில்லை. மெஷின் விற்கிறவர் யாராவது இந்த யோசனையைச் சொன்னாரா? இல்லை, மாமியார்தான் சொன்னார்.

வெயில் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் எங்கள் ஹாலில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரி. பவளத்துக்கு 26 பக்கம்தான் நல்லது. அந்தச் சேலம் கடையில் ஹீட்டர் விற்றார்கள்! தருமபுரியில், சித்திரை மாதம், ஹீட்டர்! எனக்கு வேண்டியது நீர் மேல் காற்று வீசும் சின்ன ஃபேன். ஃபேன் போட்டால் தினம் ஒரு லிட்டர் கிட்ட ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்ததற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். "குறைஞ்சா உப்புத் தண்ணியே ஊத்துங்க" என்று அந்தக் கடையில் எழுதியே கொடுத்தார்கள். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 50 லிட்டரில் தினம் ஒரு லிட்டர் உப்பு நீர் சேர்த்தால் ஒரு மாதத்தில் என்ன ஆகும் என்று பெருக்கிப் பார்க்கத் தெரியாதா? மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்தினால் சாயந்தரம்தான் வரும். அதற்கு ஒரு பேட்டரி காற்று பம்ப் அவசியம். அதையும் யாரும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் விட என்னைக் கொதிக்க வைத்தது வேறு. மீன் செத்த வாரம் வாட்ஸ்அப்பில் ஒருவர் வந்தார். "லைவ் ராக் போட்டா உடனே செட் ஆயிடும். ராமேஸ்வரம் பக்கத்து சரக்கு, கிலோ கணக்குல தரேன்." லைவ் ராக் என்றால் கடலிலிருந்தே எடுத்த, பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கிற கல். போட்டோவும் அனுப்பினார். கோணி மேல் கொட்டிய பவளக் கல். மூளை மடிப்பு மாதிரி வரிவரியாக, சிலவற்றில் இன்னும் உயிர் நிறம்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இருப்பது தேசியப் பூங்கா. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அங்கே பவளத்தை வெட்டி வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்த 21-ல் இரண்டு தீவுகள் இன்று நீருக்கு மேலே இல்லை. 2001-ல் கல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை. செத்த துண்டானாலும் குற்றம்தான். புதிதாக ஆசைப்பட்டு வருகிறவருக்கு இது எப்படித் தெரியும்? காசும் கொடுத்து, கடலையும் கெடுத்து, வழக்கிலும் மாட்டவைக்கிறார்கள். அந்த வாட்ஸ்அப் எண்ணை வனத்துறைக்கு அனுப்பிவிட்டேன். என் தொட்டியில் இப்போது இருப்பது சுட்ட மண்ணில் செய்த செயற்கைக் கல். அழகு கம்மிதான். பாக்டீரியாவுக்கு அது போதும்.

"கடலே இல்லாத ஊர்ல கடல் மீன் எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லித்தர ஆள் இல்லாததுதான் குறை, ஊரில் குறை இல்லை. இன்றோடு 38 நாள். தொட்டியில் ஒரு மீன் கிடையாது. தினம் இரவு அளந்து நோட்டில் எழுதுகிறேன். அம்மோனியா பன்னிரண்டு நாளாகப் பூஜ்யம். நைட்ரைட் இன்னும் லேசான ஊதா, அதாவது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கண்ணாடியில் பழுப்புப் பாசி படிந்து இப்போதுதான் விலக ஆரம்பித்திருக்கிறது.

போன ஞாயிறு உப்பு தீர்ந்துபோய் மறுபடி அந்தச் சேலம் கடைக்கே போக வேண்டியதாயிற்று. பக்கத்தில் வேறு கடையில் அந்த உப்பு இல்லை. அங்கே ஒரு பையன், எட்டு வயது இருக்கும், கவரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே இரண்டு க்ளவுன். அவன் அப்பா பாலக்கோடு பக்கம். "தொட்டி வெச்சு எத்தனை நாள் ஆச்சுங்கண்ணா?" என்று கேட்டேன். "இன்னைக்குத்தாம்மா எல்லாம் வாங்கறோம்" என்றார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "அக்கா, உங்க உப்பை வாங்கிட்டுக் கிளம்புங்க. யாவாரத்தைக் கெடுக்காதீங்க." அந்த அப்பா என்னைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், பையன் கவரைக் கீழே இறக்கவே இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டார்.

வாசல் வரை பின்னாலேயே போய், பில்லுக்குப் பின்பக்கம் என் நம்பரை எழுதிக்கொடுத்தேன். இன்று தீனி வேண்டாம், நாளையிலிருந்து துளிதான், தினம் கால் பங்கு தண்ணீரை அதே உப்பு அளவில் கலந்து மாற்றுங்கள், அம்மோனியா டெஸ்ட் கிட் இன்றைக்கே வாங்குங்கள், செவுள் வேகமாக அடித்தால் எந்நேரமானாலும் கூப்பிடுங்கள் என்றேன். தலையாட்டினார். பையன் "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றான்.

இன்று புதன். நான்காவது நாள். இன்னும் போன் வரவில்லை.