முதல் ஆறு மாதம் கூட யார் வருவார்கள்?

இஎம்டி, அதாவது ஆம்புலன்ஸில் நோயாளியைக் கவனிக்கும் எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன் படிப்பை முடித்த கையோடு "அண்ணா, எங்கே சேரலாம்?" என்று கேட்டு வாரத்துக்கு ஒரு மெசேஜாவது வந்துவிடுகிறது. சம்பளம், ஷிப்ட், வண்டி புதுசா பழசா, எல்லாம் விசாரிக்கிறார்கள். முதல் ஆறு மாதம் வண்டியில் நம்மோடு யார் வருவார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி.

நான் முதலில் சேர்ந்த இடத்தில் இரண்டாம் வாரமே என்னையும், எனக்குப் பத்து நாள் முன்னால் சேர்ந்த ஒரு பையனையும் ஒரு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மூச்சுத் திணறலோடு ஒரு பெரியவர். ஆக்சிஜன் மாஸ்க் மாட்டி, எவ்வளவு வருகிறது என்று காட்டும் ஃப்ளோமீட்டரைத் திருகுகிறேன், உள்ளே இருக்கும் குண்டு மேலே எழும்பவே இல்லை. சிலிண்டர் காலி. இன்னொரு சிலிண்டர் இருந்தது. அதைத் திறக்கும் சாவி எங்கே என்று இருவருக்கும் தெரியாது. தேடியது ஒரு நிமிடம்கூட இருக்காது. அவ்வளவு நேரமும் அவர் என் சட்டையை விடவில்லை. நல்லபடியாக ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். ஷிப்ட் ஆரம்பத்திலேயே சிலிண்டர் பிரஷரைப் பார்க்காதது எங்கள் தப்புதான். ஆனால் "பாருடா" என்று சொல்ல அங்கே ஆளே இல்லை.

அதனால் இன்டர்வியூவில் நீங்களும் கேளுங்கள். எத்தனை நாள் மூன்றாவது ஆளாக அனுப்புவார்கள்? இனித் தனியாக விடலாம் என்று முடிவு செய்வது யார்? மோசமான கேஸ் முடிந்த பிறகு உட்கார்ந்து பேசும் வழக்கம் உண்டா? "அதெல்லாம் போகப் போகப் பழகிடும்" என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். முடிந்தால் ஒரு ஷிப்ட் கூடவே போய்ப் பாருங்கள். வண்டியில் ஏறியதும் தொண்டைச் சளியை உறிஞ்சும் சக்‌ஷனை ஓட்டிப் பார்க்கிறார்களா, போனை எடுக்கிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அப்புறம், ஆஸ்பத்திரி விட்டு ஆஸ்பத்திரி மாற்றும் ட்ரான்ஸ்ஃபர் வேலையைப் பலர் மட்டமாகப் பேசுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. டயாலிசிஸுக்குப் போகும் ஓர் அம்மா, பிபி பார்க்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, "இந்தக் கையில் கட்டாதே தம்பி, தொட்டுப் பார்" என்றார். ஃபிஸ்டுலா, டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த இடம். தோலுக்கடியில் பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு. அந்தக் கையில் பிபி கட்டக் கூடாது என்று புத்தகத்தில் படித்ததுதான். மண்டையில் ஏறியது அன்றைக்குத்தான். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பல்ஸ், பிபி, மூச்சு எண்ணி எழுதுகிற பழக்கமும் அங்கேதான் வரும். ஒரே குறை, இதயம் நின்ற கேஸ் மாதக்கணக்கில் வராமல் போகலாம். நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், குறைந்தது 5 செ.மீ. ஆழம் என்பது வாய்க்கு ஞாபகமிருக்கும், கைக்கு மறந்துபோகும். டம்மி பொம்மையில் அழுத்திப் பழகுவதை விடாதீர்கள்.

எமர்ஜென்சி வார்டில் சேர்ந்தால் நிறைய நோயாளிகளைப் பார்க்கலாம், டாக்டரும் பக்கத்திலேயே இருப்பார். குறுகலான மாடிப்படியில் ஒருவரை இறக்குவதை மட்டும் அங்கே கற்க முடியாது. ஆஸ்பத்திரி வெகுதூரத்தில் இருக்கும் பகுதிகளை இரண்டாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பின்பக்கம் நோயாளியோடு தனியாக ஒரு மணி நேரம் என்பது புதியவருக்கு ரொம்ப நீளம்.

நான் அடுத்துச் சேர்ந்த இடத்தில் சம்பளம் குறைவு. முதல் நாளே ஒரு சீனியர் அக்கா சிலிண்டர் சாவியையும் ஒரு துண்டுக் கயிற்றையும் கையில் கொடுத்து, "கட்டிட்டு வந்து காட்டு" என்றார்.