வெயிலுக்கு எவனாவது சாவானா என்று சிரித்தவர்களுக்கு

நேற்றைய கூத்தைப் பார்த்திருப்பீர்கள். வெயிலுக்கும் தற்கொலைக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு தம்பி இணையத்தில் ஒரு வரி எழுதினான். அதற்கு அத்தனை சிரிப்பு எமோஜி. "அப்படின்னா வேலூர்ல ஒருத்தனும் மிஞ்சியிருக்க மாட்டானே" என்று ஓர் அறிவாளி வேறு.

வெயில் மட்டும்தான் கொல்கிறது என்று அவன் எங்கே சொன்னான்? அதற்கும் பங்கு இருக்கிறது என்கிறான், நானும் அதையேதான் சொல்கிறேன். 2017இல் டாமா கார்ல்டன் என்ற ஆய்வாளர் இந்தியாவின் பல வருடக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். பயிர் நிற்கும் காலத்தில், 20 டிகிரியைத் தாண்டிய ஒரு நாளில் மேலும் ஒரு டிகிரி கூடினால், நாடு முழுக்கச் சுமார் 70 தற்கொலைகள் கூடுகின்றன. பயிரில்லாத மாதங்களில் அதே சூடு அப்படிச் செய்யவில்லை. வேலூர் அறிவாளி இதை இரண்டு தடவை படிக்கவும்.

சரி, விவசாயமே இல்லாத ஊரில்? அமெரிக்கா, மெக்சிகோ கணக்கிலும் சூடு ஏறினால் எண்ணிக்கை ஏறுகிறது. தூக்கம் கெடுவதாலா, வேறெதாலா என்று டாக்டர்கள் பேசிக்கொள்ளட்டும்.

பயிர் கெட்டால் ஆளும் போவான் என்பதற்கு எனக்கு என் சித்தப்பா போதும். 2016இல் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்தது. அந்தப் பொங்கலுக்குத் திருவாரூர் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். வரப்பில் நின்று ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் வைத்து ஊதினார். அத்தனையும் பறந்தது. பதர். "பாத்தியாடா" என்று சிரித்தார். அவரே சிரிக்கிறாரே என்று நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, டீ குடிக்கப் போய்விட்டோம். மாசி பிறக்கும்போது அவர் இல்லை.

"கடன் இருந்திருக்கும், குடி இருந்திருக்கும், மழைமேல் ஏன் பழி போடுகிறாய்?" கடன் இருந்தது. சித்தி நகை அடகில் இருந்தது. மழை பெய்திருந்தால் தையில் அறுத்து மீட்டிருப்பார், இதுகூடவா புரியவில்லை? குடியைப் பற்றி நான் பேசுவதாக இல்லை.

"இதையெல்லாம் எழுதாதே, 14416 என்ற மனநல உதவி எண்ணைப் போடு" என்பவர்களுக்கு: போட்டாயிற்று. மனசு சரியில்லாதவர்கள் நேரம் பார்க்காமல் கூப்பிடுங்கள், உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் என் வாயை அடைக்க அந்த எண்ணை எடுக்காதீர்கள்.

வறட்சியால் யாரும் சாகவில்லை, எல்லாம் சொந்தக் காரணம் என்று 2017இல் மாநில அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. உங்கள் சிரிப்பு எமோஜி அதைவிடப் பரவாயில்லை.

எங்கள் வீட்டுச் சாவுக்குக் காகிதத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? தீராத வயிற்று வலி. பந்தியில் மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிடுகிற மனுஷனுக்கு. படித்தவன் என்று என்னிடம்தான் நீட்டினார்கள். படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.