'இல்லை' என்பதும் ஒரு முடிவுதான், சேர்

சனிக்கிழமை திருகோணமலையில் நடந்த கூட்டத்தில், தன் ஆய்வு முடிவை வாசித்த ஒரு மாணவியை மேடையிலேயே பிரமுகர் ஒருவர் கேலி செய்ததைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாட்களாக என்னை அடக்கி வைத்திருந்தேன். நேற்று இரவு அந்த நாற்பது விநாடிக் காணொளியை என் சொந்த மச்சாளே சிரிப்புக் குறியோடு குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். இனி அடக்குவதற்கு ஒன்றுமில்லை.

மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். இல்லாதவர்கள் காணொளியைப் பார்த்துவிட்டீர்கள். அதனால் காணொளியில் வராததை மட்டும் சொல்கிறேன். அந்தப் பிள்ளை தன் ஆய்வின் இறுதி அத்தியாயத்தை வாசித்து முடிக்க நான்கு நிமிடம் எடுத்தாள். தனியார் வகுப்பில் மாணவர்கள் செலவிடும் மணித்தியாலங்களுக்கும் அவர்களுடைய கணிதப் புள்ளிகளுக்கும் இடையே தன் மாதிரியில் தெளிவான தொடர்பு எதையும் காணவில்லை என்றாள். மூன்று பாடசாலைகளில் மட்டும் செய்த ஆய்வு என்பதால் இதை மாவட்டம் முழுவதற்கும் பொருத்திச் சொல்ல முடியாது என்றாள். கைகள் நடுங்கின, குரல் நடுங்கவில்லை. அதற்குப் பிறகுதான் பிரமுகர் ஒலிவாங்கியை வாங்கி, "முடிவே இல்லாத முடிவுரையை இன்றைக்குத்தான் கேட்கிறேன்" என்றார். சபை சிரித்தது. இரண்டாவது வரிசையில் இருந்த நானும் பல்லைக் காட்டியிருக்கிறேன் என்று காணொளியில் தெரிகிறது. அந்த வெட்கமும் இந்தப் பதிவில் கலந்திருக்கிறது.

சேர், அவள் முடிவு சொன்னாள். நீங்கள் எதிர்பார்த்த முடிவை அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதல் அத்தியாயத்தில் ஒரு கேள்வியைக் கேட்கிறோம். நடுவில் நூறு பக்கம் அந்தக் கேள்வியோடு அலைகிறோம். கடைசி அத்தியாயத்தில், கண்டதை வைத்து அதற்குப் பதில் சொல்கிறோம். பதில் 'ஆம்' என்றும் வரலாம், 'இல்லை' என்றும் வரலாம், 'இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியவில்லை' என்றும் வரலாம். மூன்றும் பதில்தான். நம் ஊரில் மட்டும் முடிவுரை என்பது பரிசளிப்பு விழாவின் தலைமையுரை போல் ஆகிவிட்டது. 'காலத்தின் கட்டாயம்' வர வேண்டும், 'அனைவரும் கைகோர்க்க' வேண்டும், கடைசி வரியில் 'ஒளிமயமான எதிர்காலம்' உதிக்க வேண்டும். உதிக்காவிட்டால் முடிவே இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு விறாந்தையில் ஆய்வேட்டு வரைவுகளோடு பிள்ளைகள் வந்து உட்காருவது உங்களில் பலருக்குத் தெரியும். காசு வாங்குவதில்லை, உப்புவெளியிலிருந்து வருகிற ஒருத்தி மட்டும் மரவள்ளிக்கிழங்கு கொண்டு வருவாள், அதை மறுப்பதில்லை. இத்தனை வருடத்தில் நான் கண்டது ஒன்று: நான்கு அத்தியாயங்கள் ஒரு விடயத்தைப் பற்றி இருக்கும், ஐந்தாவது நாட்டையே திருத்தக் கிளம்பிவிடும். தரம் ஆறு மாணவர்களின் வாசிப்புப் பழக்கத்தை ஆராய்ந்த ஒரு வரைவின் பதினான்காவது விதந்துரை, அதாவது பரிந்துரை, போதைப்பொருள் ஒழிப்பு. வினாக்கொத்தில் போதைப்பொருள் பற்றி ஒரு கேள்வியும் இல்லையே என்று கேட்டேன். "இருந்தால் நன்றாக இருக்கும் என்று போட்டேன், டீச்சர்" என்றான். பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்? அவனுக்கு மாதிரியாகக் கொடுக்கப்பட்ட பழைய ஆய்வேட்டில் பதினெட்டு விதந்துரைகள் இருந்தன.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பவணந்தியார் நன்னூலில் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவற்றை உயர்தரத் தமிழ்ப் பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள், பிறகு ஆய்வேடு எழுதும்போது மறந்துவிடுவார்கள். கூறியது கூறல்: நான்காம் அத்தியாயத்து அட்டவணைகளை அப்படியே வசனமாக்கி ஐந்தாம் அத்தியாயத்தில் திரும்ப எழுதுவது. மற்றொன்று விரித்தல்: அந்தப் பதினான்காவது விதந்துரை. சென்று தேய்ந்து இறுதல் என்று ஒரு குற்றம் வைத்தாரே, அதற்குத்தான் நான் கும்பிடுவேன். பெரிதாகத் தொடங்கிப் போகப் போக மெலிந்து, கடைசியில் 'மேலதிக ஆய்வுகள் தேவை' என்று மூச்சு விடுகிற முடிவுரையை அந்த மனிதர் எங்கே கண்டாரோ தெரியவில்லை. எந்த ஆய்வு, யாரிடம், என்ன கேள்வி என்று சொல்லாமல் 'மேலதிக ஆய்வு' என்று எழுதுவது, கடன் கேட்டவனிடம் 'பிறகு பார்ப்போம்' என்பது போலத்தான். சனிக்கிழமை அந்தப் பிள்ளை அப்படி எழுதவில்லை. தனியார் வகுப்பில் சேரும் முன்பே பிள்ளைகள் எடுத்த புள்ளிகளையும் அடுத்த முறை சேர்த்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பின்தங்கியவர்கள் கூடுதலாக வகுப்புக்குப் போவதால் வகுப்பின் பலன் மறைந்துபோகிறதா, உண்மையிலேயே பலன் இல்லையா என்று பிரிக்க முடியாது என்று எழுதியிருந்தாள். அந்தப் பந்தியைக் காணொளி எடுத்தவர் வெட்டிவிட்டார்.

நான் பௌதிகவியல் படிப்பிப்பவள், அதனால் ஒரு பௌதிகக் கதை. 1887இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கெல்சன், மோர்லி என்ற இருவர் பாதரசத்தில் மிதக்கவிட்ட கற்பலகையின் மேல் கண்ணாடிகளைப் பொருத்தி ஒளியை ஓடவிட்டார்கள். விண்வெளி முழுவதும் ஈதர் என்ற ஊடகம் நிரம்பியிருப்பதாக அன்றைய பெரியவர்கள் நம்பியிருந்தார்கள். அதனூடாகப் பூமி ஓடும்போது ஒளியின் வேகத்தில் வர வேண்டிய வேறுபாட்டைத் தேடினார்கள். எதிர்பார்த்த வேறுபாடு வரவில்லை. வரவில்லை என்றே எழுதினார்கள். 1905இல் ஐன்ஸ்டைன் ஈதரே தேவையில்லை என்று எழுதிய பிறகு, அந்த 'வரவில்லை' எவ்வளவு பெரியது என்று உலகத்துக்கு விளங்கியது. நல்ல வேளை, அவர்கள் கிளீவ்லாந்தில் இருந்தார்கள். திருகோணமலையில் இருந்திருந்தால் ஒலிவாங்கியை வாங்கிக் கேட்டிருப்போம்.

இப்போது கருத்துப் பெட்டியில் வரப் போகிறவர்களுக்கு.

"டீச்சர், தொடர்பு காணவில்லை என்றால் தொடர்பு இல்லை என்று அர்த்தமா? மாதிரி சிறிதாக இருந்தால் இருக்கிற தொடர்பும் தெரியாமல் போகலாமே?" நல்ல கேள்வி, சரியான கேள்வி. அதைத்தான் அவளும் மட்டுப்பாடுகள் என்ற தலைப்பின் கீழ் எழுதியிருந்தாள். 'இல்லை' என்று எழுதவில்லை, 'என் மாதிரியில் காணவில்லை' என்றே எழுதினாள். என் தலைப்பில் நான் சுருக்கிவிட்டேன், அந்தக் குற்றம் என்னுடையது. இந்தக் கேள்வியைப் பிரமுகர் கேட்டிருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

"விதந்துரைகள் எழுதாவிட்டால் புள்ளி வெட்டுவார்களே?" வெட்டுவார்கள். உண்மை. எழுதட்டும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த அட்டவணையிலிருந்து வருகிறது என்று பென்சிலால் குறிக்கட்டும். குறிக்க முடியாததை அடிக்கட்டும். பதினெட்டில் இரண்டு மிஞ்சும்.

"மட்டுப்பாடுகளை இவ்வளவு வெளிப்படையாக எழுதினால் ஆய்வு பலவீனமாகத் தெரியும்." தெரியட்டும்.

"நீங்கள் யார், பேராசிரியரா?" இல்லை. முப்பது வருடமாகச் சோக்கட்டியும் கையுமாக நிற்கிற ஆசிரியை. பகுதிநேரமாகப் படித்து ஒரு முதுமாணிப் பட்டம் எடுத்தேன், அதுவும் இரண்டாம் முறையில். பேராசிரியர்கள் பேசியிருந்தால் நான் ஏன் பேசப் போகிறேன்? சனிக்கிழமை மேடையில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியவரைப் பொதுவெளியில் அவமதிக்கலாமா?" இதற்கு நான் பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்துவிட்டேன்.

சரி, என் கதையையும் சொல்கிறேன். மற்றவர் முதுகைச் சொறிந்துவிட்டு என் முதுகை மறைப்பது நியாயமில்லை.

2005ஆம் ஆண்டு. ஆழிப்பேரலை வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கரையோரப் பிள்ளைகளின் பாடசாலை இடைவிலகல் என்பது என் ஆய்வுத் தலைப்பு. இங்கிருந்து லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்குப் போய், அங்கிருந்து கிடைத்த வாகனத்தில் சம்பூர்ப் பக்கம் போவேன். வினாக்கொத்துகளைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருப்பேன், அப்படியும் ஓரங்கள் உப்புத் தண்ணீரில் ஊறிவிடும். ஒரு வீட்டில் ஒரு தாய். மகன் ஏன் பள்ளிக்குப் போவதில்லை என்று கேட்டேன். அவர் எழுந்து போய் ஒற்றைச் சப்பாத்து ஒன்றை எடுத்து வந்து காட்டினார். வெள்ளைச் சப்பாத்து, இடது கால், உள்ளே இன்னும் மணல் இருந்தது. மற்றதைக் கடல் கொண்டுபோய்விட்டது. நிவாரணத்தில் செருப்பு வந்தது, செருப்போடு போக அவனுக்கு வெட்கம். "அதுதான் காரணம், பிள்ளை. வேறு ஒன்றும் இல்லை" என்றார்.

நான் வினாக்கொத்தில் 'பொருளாதாரக் காரணி' என்ற கட்டத்தில் சரி அடையாளம் போட்டேன்.

முடிவுரை எழுதும் நேரம் வந்தது. என் மேற்பார்வையாளர் நல்ல மனிதர், பெயர் வேண்டாம். முதல் வரைவைப் படித்துவிட்டு ஓரத்தில் சிவப்பில் 'விரிவாக்குக' என்று எழுதினார். நானும் விரிவாக்கினேன். 'சமூக, பொருளாதார, உளவியல் காரணிகள் இடைவிலகலில் செல்வாக்குச் செலுத்துகின்றன' என்று எழுதினேன். இதை எழுத லோஞ்சில் போயிருக்க வேண்டியதில்லை, வீட்டுக் கதிரையில் இருந்தே எழுதியிருக்கலாம். விதந்துரைகள் பதினொன்று. அதில் ஒன்று கரையோரப் பாடசாலைகளில் கணினி அறை அமைத்தல். 2006இல் போர் மூண்டு அந்த ஊர் மக்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார்கள். நான் மெரூன் அட்டையில் பொன்னெழுத்துப் போட்டு ஆய்வேட்டைக் கையளித்தபோது, நான் கணினி அறை விதந்துரைத்த பாடசாலையில் பிள்ளைகளே இல்லை. எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

சில வருடங்கள் கழித்துப் பரீட்சைக் கடமைக்குக் கிளிவெட்டிப் பக்கம் போனபோது இடம்பெயர்ந்தோர் முகாமில் அந்தத் தாயைக் கண்டேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டார். "பிள்ளை, அந்தப் புத்தகத்தில் என்ன முடிவு வந்தது?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். 'காரணிகள்' என்று தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும், "சப்பாத்தைப் பற்றி எழுதினீர்களா?" என்று கேட்டார்.

இல்லை. எழுதவில்லை. அந்தப் பகுதி மக்களுக்குச் சொந்தக் காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015இல்தான். அவர் போனாரா, மகன் என்ன ஆனான் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

இதனால்தான் எனக்கு இந்த விடயத்தில் உடம்பு பதறுகிறது. எங்கள் மாவட்டத்துக்கு ஆழிப்பேரலைக்குப் பிறகு எத்தனை பேர் வினாக்கொத்தோடு வந்தார்கள்! கொழும்பிலிருந்து, வெளிநாட்டிலிருந்து, எங்கள் வீதிகளிலிருந்தே. எங்கள் சனம் வெயிலில் நின்று, தேநீரும் கொடுத்து, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது. கடைசி அத்தியாயங்கள் எங்கே? எந்த இழுப்பறையில் இருக்கின்றன? எதிர்பார்த்தது கிடைக்காத ஆய்வுகள் வெளியே வராமல் மேசைக்குள்ளேயே கிடக்கிற நிலைக்கு 1979இல் ரோசென்தால் என்ற உளவியலாளர் 'கோப்பு இழுப்பறைச் சிக்கல்' என்று பெயர் வைத்தார். எங்களுக்கு இழுப்பறையே ஒரு மாவட்ட அளவு. இப்போது முடிவுரையை இயந்திரமே எழுதித் தருகிறதாம். போன மாதம் அப்படி ஒன்று வந்தது, வழுவழுவென்று இருந்தது, கிண்ணியாவை எடுத்துவிட்டு எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தியது. சரி, மற்றொன்று விரிக்கிறேன். பவணந்தியார் மன்னிக்கட்டும்.

சனிக்கிழமை கூட்டம் முடிந்து நானும் அந்தப் பிள்ளையும் டச்சுக் குடாக் கரையில் உட்கார்ந்திருந்தோம். அவள் அழுவாள் என்று நினைத்து லேஞ்சியை எடுத்து வைத்திருந்தேன். அழவில்லை. நிகழ்ச்சி நிரல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். வழக்கமாகத் திரியும் மான்களில் ஒன்று வந்து, புத்தகத்தின் ஓரத்தை முகர்ந்து, அட்டையைக் கிழித்து மென்றது. பிரமுகரின் வாழ்த்துச் செய்தி இருந்த பக்கமும் போய்விட்டது. அவள் விரட்டவில்லை. "டீச்சர், 'தெளிவான தொடர்பு' என்று எழுதியிருக்கக் கூடாதா? 'புள்ளிவிபர ரீதியில் பொருளுள்ள தொடர்பு' என்று எழுதியிருந்தால் சிரித்திருக்க மாட்டார்களோ?" என்று கேட்டாள். ஆய்வேட்டில் அப்படியே எழுது, சபையில் நீ சொன்னபடியே சொல் என்றேன்.

நேற்று இரவு திருத்திய அத்தியாயத்தை அனுப்பியிருக்கிறாள். ஆறு பக்கம். 'காணவில்லை' அப்படியே இருக்கிறது. விதந்துரை ஒன்றுதான். நன்றியுரையில் வினாக்கொத்து நிரப்பிய மாணவர்களை மேற்பார்வையாளருக்கு முன்னால் போட்டிருக்கிறாள், அதை மட்டும் மாற்றச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை கட்டக் கொடுக்க வேண்டும். அட்டை கருநீலமா மெரூனா என்று கேட்கிறாள். கடைக்காரரிடம் எது கையிருப்பில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.