வாய்மொழி உடன்பாடும் கட்டுப்படுத்தும்

"கையொப்பமிட்ட பத்திரம் இல்லையென்றால் ஒப்பந்தமே இல்லை, தகராறு வந்தால் பழைய செய்திகளை அழித்துவிட்டால் போதும்" என்று ஒருவர் எழுதியிருப்பது இரண்டு வகையிலும் தவறு.

நிலம் விற்பது போன்ற சிலவற்றுக்கு எழுத்து வடிவம் கட்டாயம் எனப் பல நாடுகளின் சட்டங்கள் சொன்னாலும், அன்றாட வணிக உடன்பாடுகளில் பெரும்பாலானவை வாய்ச்சொல்லாலேயே செல்லுபடியாகக்கூடியவை. நாடுகளுக்கிடையிலான சரக்கு விற்பனை பற்றிய 1980ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, தன் 11ஆம் பிரிவில், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கத் தேவையில்லை என்றும், சாட்சிகள் உட்பட எவ்வழியிலும் அதை நிரூபிக்கலாம் என்றும் தெளிவாகவே கூறுகிறது (சில நாடுகள் மட்டும் இதற்கு விலக்கு அறிவித்துள்ளன). வாட்ஸ்அப்பில் எழுதிய "சரி, அனுப்புங்கள்" என்ற ஒரு வரிகூட ஒப்புதலாகக் கொள்ளப்படலாம்.

எழுத்து தேவைப்படுவது பெரும்பாலும் நிரூபிப்பதற்காகத்தான். எனவே, தொலைபேசியில் பேசி முடித்த அன்றே விலை, அளவு, கெடு, பணம் செலுத்தும் நாள், கருத்து வேறுபாடு எழுந்தால் அதை எங்கே எவ்வாறு தீர்ப்பது ஆகியவற்றை மின்னஞ்சலில் எழுதி, மறுதரப்பின் ஒப்புதலைப் பெற்றுவிடுமாறு தொழில் நடத்துவோரை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கருத்து வேறுபாட்டை எங்கே எவ்வாறு தீர்ப்பது என்பதைத்தான் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

செய்திகளை அழிக்கும் யோசனை இன்னும் ஆபத்தானது. வழக்கு வரக்கூடும் என்று தெரிந்த பிறகு ஆவணங்களை அழித்தால், அவை அழித்தவருக்கே பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்க இடமுண்டு. சில நாடுகளில் அது தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆகலாம்.