காலடியைப் பற்றியும் எழுதுங்கள்
சிறுவயதில் மாணவராகச் சேர்ந்து இன்று தலைநரைத்த ஆசானாக நிற்கும் சிலம்பக் கலைஞரைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், பதக்கங்களுக்குக் கொடுத்த இடத்தில் பாதியைக் காலடிக்கு, அதாவது கம்பு சுற்றும்போது கால் வைத்து நகரும் முறைக்கு, கொடுத்திருக்கலாம். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் மகனின் ஆசான் முதல் சில மாதங்கள் கம்பையே தொடவிடவில்லை. வெறுங்கையோடு காலடி வரிசை மட்டும்தான். முன்கால் பெருவிரல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பார்த்துத் திருத்துவார். அவரவர் நெற்றி உயரத்துக்குக் கம்பு இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பன் வந்திறங்கியவர்களின் வழிவந்த பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தமிழ்ப்பேச்சு அருகிவிட்டது. ஆனாலும் வணக்கம் செலுத்தும் அசைவுகளான ‘சலாம் வரிசை’க்கு அந்த ஆசான் குரல் கொடுத்தால் அத்தனை பேரும் நிமிர்கிறார்கள். உங்கள் கட்டுரையில் வரும் ஆசான் தமக்கு அடுத்த ஆசானை எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்பதையும் எழுதுங்கள். எங்களுக்கு அதுதான் கவலை.