குரோம்வெல் புகழ் பாடுகிறவர்களுக்கு

இங்கிலாந்து மன்னர் சார்லஸின் தலையை வெட்டி மக்களாட்சிக்கு வழி போட்டவர் என்று, உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த நாடாளுமன்றப் படையின் தளபதி குரோம்வெல்லைப் பற்றி யாராவது பதிவு போட்டால் என் கை சும்மா இருக்காது. வெட்டியது சரி, 1649 ஜனவரி. ஆனால் அவர் படைக்குள்ளேயே ஓட்டுரிமை கேட்ட லெவலர்கள் என்ற குழுவினரை என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டாமா?

1647 அக்டோபர் கடைசியில், லண்டனை ஒட்டிய பட்னியில் ஒரு தேவாலயத்தில் படை கூடுகிறது. போரில் மன்னர் தோற்றாயிற்று, சம்பளப் பாக்கி ஏறிக் கிடக்கிறது, இனி நாட்டை எப்படி நடத்துவது என்று சிப்பாய்களின் பிரதிநிதிகளும் தளபதிகளும் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடுகிறார்கள். இங்கிலாந்தின் பரம ஏழைக்கும் பெரிய மனிதனைப் போலவே வாழ ஒரு வாழ்க்கை உண்டு, தன் சம்மதமில்லாத அரசுக்கு அவன் கட்டுப்பட வேண்டியதில்லை என்கிறார் சிப்பாய்கள் பக்கம் நின்ற கர்னல் ரெயின்ஸ்பரோ. குரோம்வெல்லின் மருமகன் அயர்ட்டன் விடவில்லை: சொத்து உள்ளவனுக்குத்தான் நாட்டின் மேல் நிலையான பிடிப்பு இருக்கும், இல்லாதவனுக்கு ஓட்டுக் கொடுத்தால் நாளைக்குச் சொத்துக்கே வேட்டு வைப்பான். உடனே சிப்பாய்களின் பிரதிநிதி செக்ஸ்பி, அப்படியானால் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்ட நாங்கள் வெறும் கூலிப்படையா என்று கேட்கிறார். இதற்கு அயர்ட்டன் சொன்ன எந்தப் பதிலும் எனக்குப் பதிலாகத் தெரியவில்லை.

அயர்ட்டனின் வாதம் நமக்கும் புதிதல்ல. பிரிட்டிஷ் ஆட்சியின் 1935 இந்திய அரசுச் சட்டத்தின்படி இங்கே நடந்த தேர்தலில்கூட சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது தகுதி இருந்தால்தான் ஓட்டு. வயது வந்த எல்லோருக்கும் கிடைத்தது 1951-52 பொதுத்தேர்தலில்தான்.

லெவலர்களையும் தலையில் தூக்கிவைத்து ஆட முடியாது. பேரம் பேசும்போது வேலைக்காரர்களையும் பிச்சையெடுப்பவர்களையும் விட்டுக்கொடுத்தார்கள். பெண்களுக்கு ஓட்டு என்ற பேச்சே எழவில்லை. இத்தனைக்கும் 1649 இல் லில்பர்ன் முதலான லெவலர் தலைவர்கள் சிறையில் கிடந்தபோது மனுவைத் தூக்கிக்கொண்டு நாடாளுமன்ற வாசலில் போய் நின்றது பெண்கள்தான். வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவுங்கள் என்று விரட்டினார்கள்.

பட்னியில் வாதம் முடியவேயில்லை. நவம்பர் 15, வேர் நகரத்துக்குப் பக்கத்தில் சிப்பாய்கள் சிலர் லெவலர்களின் கோரிக்கை ஆவணமான 'மக்கள் உடன்படிக்கை' அச்சிட்ட தாளைத் தொப்பியில் செருகிக்கொண்டு அணிவகுப்புக்கு வந்தார்கள். தாள்களைப் பிடுங்கியதோடு விடவில்லை, மூன்று பேருக்கு மரண தண்டனை விதித்து, அவர்களுக்குள் சீட்டுப் போடவைத்து, ரிச்சர்ட் அர்னால்டு என்பவரை அங்கேயே சுட்டார்கள். 1649 மே மாதம் பர்ஃபர்டு என்ற ஊரில், கலகம் செய்த லெவலர் ஆதரவுச் சிப்பாய்களைக் குரோம்வெல்லின் ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போய் மடக்கி, தேவாலயத்துக்குள் அடைத்து, மூன்று பேரை வெளியே கொண்டுவந்து கல்லறைத் தோட்டத்தில் சுட்டார்கள். அதே வாரத்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் குரோம்வெல்லுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. எதில் தெரியுமா, சட்டத்தில்!